காரைக்குடி டாக்டர் பில்லுக்கு அமெரிக்க எச்.எஸ்.ஏ. பணம் செல்லுமா?

சாந்தி கல்யாணம், பிள்ளையார் நோன்பு, புது வீடு என்று அமெரிக்காவிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் கையோடு இரண்டு வேலையையும் முடித்துக்கொண்டு போவார்கள். ஒன்று, அங்கே தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த தங்கள் பல் வைத்தியமும் மூக்குக்கண்ணாடியும். இன்னொன்று, அப்பச்சிக்கோ ஆத்தாளுக்கோ மதுரையிலோ திருச்சியிலோ பார்க்க வேண்டிய மூட்டு, கண்புரை. இரண்டுக்கும் பணம் கொடுப்பவர் ஒருவரே. எச்.எஸ்.ஏ. என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கைப் பொறுத்தவரை முதல் செலவு செல்லும், இரண்டாவது செல்லாது. தெரியாமல் பெற்றோர் பில்லுக்கு அந்தக் கணக்கிலிருந்து எடுத்தால், எடுத்த தொகைக்கு வருமான வரியும் அதற்கு மேல் 20% அபராதமும் விழும். தெரியாமல் தன் பில்லைத் தூக்கிப் போடுகிறவரோ, வரியே இல்லாமல் எடுத்திருக்கக்கூடிய பணத்தை விட்டுவிடுகிறார்.

கணக்கின் அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹெல்த் சேவிங்ஸ் அக்கவுண்ட் என்பது 2003இல் அமெரிக்கா இயற்றிய சட்டத்தால் 2004 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. டிடக்டிபிள் (காப்பீடு கொடுக்கத் தொடங்குவதற்கு முன் நாமே கட்ட வேண்டிய தொகை) அதிகமுள்ள, எச்.டி.எச்.பி. என்று சொல்லும் காப்பீட்டில் இருப்பவர் மட்டுமே இதில் பணம் போடலாம். 2026க்கு அந்தக் காப்பீட்டின் டிடக்டிபிள் தனி நபருக்குக் குறைந்தது 1,700 டாலர், குடும்பத்துக்கு 3,400 டாலர் இருக்க வேண்டும். போடக்கூடிய தொகை தனி நபருக்கு 4,400, குடும்பத்துக்கு 8,750. 55 வயது நிறைந்தவர் மேலும் 1,000 போடலாம். கம்பெனி போடும் பணமும் இந்த வரம்புக்குள்தான் அடங்கும். விசா வகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எச்1பி-யில் இருப்பவரும் தாராளமாகத் திறக்கலாம்.

போடும்போது வரி இல்லை, உள்ளே வளரும்போது வரி இல்லை, மருத்துவத்துக்கு எடுக்கும்போதும் வரி இல்லை. 401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்பில் கூட எங்காவது ஓரிடத்தில் வரி வந்துவிடும். ஆண்டு முடிந்தால் பணம் காலாவதியாகிவிடும் என்று நினைக்கிறவர்கள், கம்பெனி வழியாக வரும் எஃப்.எஸ்.ஏ. என்ற இன்னொரு மருத்துவக் கணக்கோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். எச்.எஸ்.ஏ. பணம் உங்களுடையது. வேலை மாறினாலும், ஊரோடு வந்துவிட்டாலும் உங்களுடையதுதான்.

யாருடைய பில் செல்லும்

சட்டம் மூன்று பேரைச் சொல்கிறது: கணக்குக்காரர், அவருடைய கணவர் அல்லது மனைவி, அவரைச் சார்ந்திருப்பவர். சிக்கல் மூன்றாவதில் இருக்கிறது. சார்ந்திருப்பவர் என்று ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வரித்துறை) ஏற்க வேண்டுமானால் அவர் அமெரிக்கக் குடிமகனாகவோ, அந்த நாட்டில் வரிக் கணக்குப்படி வசிப்பவராகவோ இருக்க வேண்டும்; கனடா, மெக்சிகோவில் வசிப்பவருக்கு மட்டும் விலக்கு உண்டு. தேவகோட்டையிலோ பள்ளத்தூரிலோ இருக்கும் இந்தியக் குடிமக்களான பெற்றோர் இதில் வர மாட்டார்கள். மாதாமாதம் முழுச் செலவையும் நீங்களே அனுப்பினாலும் வர மாட்டார்கள். "அவங்களுக்கு வேற வருமானமே இல்லையே" என்ற வாதம் இங்கே எடுபடாது. தடை வருமானத்தில் இல்லை, வசிப்பிடத்தில் இருக்கிறது.

அதே பெற்றோர் கிரீன் கார்டு வாங்கி உங்களோடு அங்கே இருந்து, அவர்கள் செலவில் பாதிக்கு மேல் நீங்கள் ஏற்றால் அவர்கள் பில் செல்லும். பேரப்பிள்ளை பிறப்புக்கென்று விசிட்டர் விசாவில் போய் ஆறு மாதத்துக்குள் திரும்பிவிடும் பெற்றோர் பொதுவாக இதற்குள் வருவதில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளில் போய்த் தங்கியிருந்தால் நாட்களை எண்ணிப் பார்க்க வேண்டும்: நடப்பு ஆண்டின் நாட்கள் முழுதாக, முந்தைய ஆண்டின் நாட்களில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு முந்தையதில் ஆறில் ஒரு பங்கு, கூட்டினால் 183ஐத் தொடுகிறதா என்பது கேள்வி. தொட்டாலும் மற்ற நிபந்தனைகள் இருக்கின்றன. விசிட்டர் இன்ஷூரன்ஸ் பிரீமியத்தை எப்படிப் பார்த்தாலும் எச்.எஸ்.ஏ.வில் கட்ட முடியாது.

மனைவிக்கு இந்த வசிப்பிடத் தடை கிடையாது. மனைவி ஊரில் இருக்கிறார், கணவர் மட்டும் டல்லஸில் என்றாலும் மனைவியின் ஸ்கேன், பிரசவச் செலவு செல்லும். அமெரிக்காவில் பிறந்து இங்கே ஆயாவிடம் (பாட்டியிடம்) வளர்ந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளை அமெரிக்கக் குடிமகன்தான்; அவன் செலவில் பாதிக்கு மேல் நீங்கள் தருவதாக இருந்தால் அவன் டாக்டர் செலவும் செல்லும். இந்தியப் பாஸ்போர்ட்டில் இங்கேயே இருக்கும் பிள்ளைக்குச் செல்லாது.

இங்கே எது செல்லும், எது செல்லாது

சிகிச்சை அமெரிக்காவில்தான் நடக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. இரு நாட்டிலும் சட்டப்படி செல்லுகிற சிகிச்சையாக இருந்தால் போதும். ரூட் கெனால், பல் கேப், கண்ணாடி, கண் பரிசோதனை, முழு உடல் செக்கப், ரத்தப் பரிசோதனை, பிசியோதெரபி, ஐ.வி.எஃப். எல்லாம் செல்லும். பல்லை வெள்ளையாக்குவது, முகத்துக்கு அழகு சிகிச்சை, உடம்புக்கு நல்லது என்று செய்துகொள்ளும் எண்ணெய் மசாஜ், சத்து டானிக் செல்லாது.

மருந்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். டாக்டர் எழுதிக்கொடுத்து, இங்கே வாங்கி, இங்கேயே சாப்பிட்ட மாத்திரை அங்கேயும் சட்டப்படி செல்லுகிற மருந்தாக இருந்தால் செலவாக ஏற்கப்படும். விலை மலிவு என்று ஆறு மாதத்து மாத்திரையைப் பெட்டியில் வைத்து எடுத்துப்போனால் அது வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த மருந்து, ஏற்கப்படாது. ஒரே பில்லில் இரண்டும் கலந்திருந்தால் பிரித்துக் காட்ட வழியில்லை. மருந்துக் கடையிலேயே இரண்டு பில்லாகப் போடச் சொல்லுங்கள்.

விமான டிக்கெட் கல்யாணத்துக்கு வந்த டிக்கெட் என்றால் அது மருத்துவச் செலவாகாது. ஆனால் உங்கள் சிகிச்சைக்காகவே காரைக்குடியிலிருந்து மதுரைக்குப் போய்வந்த கார் வாடகை ஆகும். அங்கே தங்க வேண்டியிருந்தால் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 50 டாலர் வரை அறை வாடகையும் ஆகும், சாப்பாடு ஆகாது.

இனி பில். நம் ஊர் சின்ன கிளினிக்குகளில் லெட்டர்பேடில் ஒரு தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அதில் "ட்ரீட்மென்ட் 14,000" என்று மட்டும் இருந்தால் நாளைக்கு ஐ.ஆர்.எஸ். கேட்கும்போது அதை வைத்து ஒன்றையும் நிரூபிக்க முடியாது. நோயாளியின் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, தேதி, எந்தப் பல்லுக்கு என்ன செய்தார்கள், டாக்டர் பெயரும் பதிவு எண்ணும், தொகை, "பணம் பெறப்பட்டது" என்ற முத்திரை. இத்தனையும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். மருந்துக் கடையில் பெயர் சொல்லாவிட்டால் 'கேஷ்' என்று அடித்துவிடுவார்கள். பெயர் சொல்லி அடிக்கச் சொல்ல வேண்டும். ஜிபே ஸ்கிரீன்ஷாட் பணம் போனதைக் காட்டும், எதற்குப் போனது என்பதைக் காட்டாது. மெஷினில் அடிக்கும் வழவழப்பான ரசீது இங்குள்ள வெயிலில் ஒரே வருஷத்தில் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள்.

ரசீதின் மேலேயே அன்றைய டாலர் மதிப்பை எழுதி வையுங்கள். 14,000 ரூபாய், டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் 164.71 டாலர். பத்து வருஷம் கழித்து எடுத்தாலும் பணம் கொடுத்த நாளின் மதிப்புதான் கணக்கு. அந்த வீதம் எங்கிருந்து எடுத்தது என்பதையும் ஒரு வரி குறித்துக்கொண்டால் பிறகு தேட வேண்டியதில்லை.

எடுக்காமல் வைப்பதில்தான் லாபம்

செலவு நடந்தவுடனே எச்.எஸ்.ஏ. கார்டைத் தேய்க்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கணக்குத் திறந்த பிறகு நடந்த செலவாக இருந்தால், எத்தனை வருஷம் கழித்தும் அந்தத் தொகையை எடுத்துக்கொள்ளலாம். அதனால் கையில் வசதி இருப்பவர் இன்றைய பில்லைக் கைப்பணத்தில் கட்டி, ரசீதைப் பத்திரப்படுத்தி, கணக்கில் உள்ளதை முதலீட்டில் வளர விடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஆண்டுக்கு 4,400 டாலர் 20 வருஷம் போட்டு, 6% வளர்ச்சி என்று வைத்தால் ஏறக்குறைய 1,61,850 டாலர் சேரும், போட்டது 88,000தான். சேர்த்துவைத்த ரசீதுகளின் அளவுக்கு எப்போது வேண்டுமானாலும் வரியின்றி எடுக்கலாம். 65 வயதுக்குப் பிறகு மருத்துவம் அல்லாத செலவுக்கு எடுத்தாலும் 20% அபராதம் இல்லை, வருமான வரி மட்டும்.

இதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு: கணக்கு திறந்திருக்க வேண்டும், அதில் பணம் விழுந்திருக்க வேண்டும். எச்.டி.எச்.பி. ஜனவரி 1இல் தொடங்கி, கணக்கில் முதல் டாலர் மார்ச்சில் விழுந்தால், பிப்ரவரியில் ஊருக்கு வந்து செய்த பல் வேலைக்கு எடுக்க முடியாமல் போகும். திட்டம் தொடங்கிய வாரமே பத்து டாலராவது போட்டுக் கணக்கைத் திறந்துவிட வேண்டும்.

பெரும்பாலான கணக்குகளில் பணம் போட்டால் அது சும்மா ரொக்கமாகவே கிடக்கும்; முதலீட்டுப் பகுதிக்கு நாமே மாற்ற வேண்டும். வருஷக்கணக்காக மாற்றாமலே விடுகிறவர்கள் நிறைய. ஒரு வருஷத்து டிடக்டிபிள் அளவைக் கையிருப்பாக வைத்து மிச்சத்தைச் செலவு குறைந்த இண்டெக்ஸ் ஃபண்டில் போடலாம். பழைய கம்பெனியின் கணக்குக்கு மாதக் கட்டணம் பிடிக்கிறார்கள் என்றால் கட்டணமில்லாத இடத்துக்கு மாற்றலாம். நிறுவனத்திலிருந்து நிறுவனத்துக்கு நேராக மாற்றச் சொல்லுங்கள். அதற்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. செக் உங்கள் கைக்கு வந்தால் 60 நாளுக்குள் புதுக் கணக்கில் போட வேண்டும், அதுவும் 12 மாதத்துக்கு ஒரு முறைதான்.

சம்பளத்தில் பிடிக்கச் சொல்லுங்கள்

நேரடியாக வங்கியிலிருந்து போட்டால் வருமான வரி மட்டும் மிச்சமாகும். சம்பளப் பிடித்தமாகப் போட்டால் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தமான 7.65 சதவீதமும் மிச்சமாகும். 22% வரி வரம்பில் இருப்பவர் குடும்பத் தொகை 8,750ஐ முழுக்கப் பேரோல் வழியாகப் போட்டால் 1,925 + 669, ஆக ஏறத்தாழ 2,594 டாலர் மிச்சம். சோஷியல் செக்யூரிட்டி உச்சவரம்பைத் தாண்டிய சம்பளக்காரருக்கு அந்த 7.65 என்பது 1.45 ஆகக் குறையும்.

நம்மவர்கள் அதிகம் இருக்கும் நியூஜெர்சியும் கலிஃபோர்னியாவும் மாநில வரியில் எச்.எஸ்.ஏ.வை ஏற்பதில்லை. போடும் பணத்துக்கு அங்கே மாநில வரி உண்டு. கணக்குக்குள் வரும் வட்டி, டிவிடெண்டுக்கும் ஆண்டுதோறும் உண்டு. அதற்காக எச்.எஸ்.ஏ. வேண்டாம் என்பதில்லை, மத்திய வரி மிச்சமே போதுமானது. ஆனால் மாநிலக் கணக்கில் காட்டாமல் விடக்கூடாது.

வரி மென்பொருளில் நடக்கும் ஒரு பிழை: கம்பெனி தரும் ஆண்டுச் சம்பளப் படிவமான டபிள்யூ-2இல் 12ஆம் கட்டத்தில் 'டபிள்யூ' குறியீட்டோடு வரும் தொகையில் கம்பெனி போட்டதும் உங்கள் சம்பளத்தில் பிடித்ததும் இரண்டுமே அடக்கம். அதையே "நான் போட்டது" என்ற இடத்திலும் எழுதினால் ஒரே பணத்துக்கு இருமுறை கழிவு கேட்டதாகிவிடும், அல்லது வரம்பு மீறியதாகக் காட்டும். எச்.எஸ்.ஏ.வுக்கான 8889 படிவத்தை அனுப்புவதற்கு முன் இந்த ஓர் எண்ணைச் சரிபாருங்கள்.

தீபாவளியை ஒட்டி அங்கே அடுத்த ஆண்டுக் காப்பீட்டைத் தேர்ந்தெடுக்கும் ஓபன் என்ரோல்மென்ட் வரும்போது எச்.டி.எச்.பி.யா, டிடக்டிபிள் குறைந்த பழைய பி.பி.ஓ. காப்பீடா என்று கேட்பார்கள். டிடக்டிபிளைப் பார்த்துப் பயந்து முடிவெடுக்க வேண்டாம். ஓர் உதாரணம்: பி.பி.ஓ. பிரீமியம் மாதம் 500, வருஷத்தில் உங்கள் கையிலிருந்து போகும் உச்சத் தொகை 6,000. எச்.டி.எச்.பி. பிரீமியம் 300, உச்சம் 8,000, கம்பெனி எச்.எஸ்.ஏ.வில் 1,000 போடுகிறது. பிரீமியத்தில் 2,400, கம்பெனி பணம் 1,000, ஆக 3,400 உங்கள் பக்கம். மிக மோசமான வருஷத்திலும் கூடுதல் செலவு 2,000தான். இங்கே எச்.டி.எச்.பி. ஜெயிக்கிறது. பிரீமிய வித்தியாசம் மாதம் 40 டாலர்தான், வீட்டில் விலை உயர்ந்த மருந்து எடுப்பவர் இருக்கிறார் என்றால் கணக்கு திரும்பிவிடும்.

தவறுகிற இடங்கள்

நகரத்தார் கோவில் கணக்கில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி, அதாவது ஒரே கணக்கு. குடும்ப வரம்பும் அப்படியே. இருவருக்கும் தனித்தனி எச்.எஸ்.ஏ. இருந்தாலும் இரண்டும் சேர்ந்து 8,750ஐத் தாண்டக் கூடாது. 55 வயதுக்கான கூடுதல் 1,000 மட்டும் அவரவர் கணக்கில் தனியாகப் போக வேண்டும்.

மனைவியின் கம்பெனியில் சாதாரண எஃப்.எஸ்.ஏ. எடுத்திருந்தால், அது கணவரின் செலவையும் தாங்கும் என்பதால் கணவர் எச்.எஸ்.ஏ.வில் போடும் தகுதியை இழக்கிறார். பல், கண்ணுக்கு மட்டுமான லிமிடெட் எஃப்.எஸ்.ஏ. என்றால் தொந்தரவில்லை. இதே விதி ஊரில் எடுத்த பாலிசியையும் தொடும். எச்.டி.எச்.பி. அல்லாத வேறு மருத்துவக் காப்பீடு இருக்கக்கூடாது என்றுதான் சட்டம் சொல்கிறது. காரைக்குடியில் அப்பச்சி எடுத்த ஃபேமிலி ஃப்ளோட்டரில் அமெரிக்காவில் இருக்கும் மகன் பெயரும் இருந்தால், புதுப்பிக்கும்போது அந்தப் பெயரை எடுத்துவிடுவது நிம்மதி. விபத்துக் காப்பீடு, குறிப்பிட்ட நோய்க்கான பாலிசி இருக்கலாம்.

வருஷத்தின் நடுவில் ஊரோடு திரும்புகிறவர்களுக்கு இன்னொன்று. ஜனவரியிலேயே 8,750 முழுவதையும் போட்டுவிட்டு ஜூன் 30இல் வேலையை விட்டால், தகுதி ஆறு மாதத்துக்குத்தான்: 4,375. மீதி 4,375 வரம்பு மீறிய தொகை. எடுக்காமல் விட்டால் ஆண்டுக்கு 6%, அதாவது 262.50 டாலர், உள்ளே இருக்கும் ஒவ்வோர் ஆண்டும். வரிக் கணக்கு தாக்கல் செய்யும் கெடுவுக்குள் அந்தத் தொகையையும் அது ஈட்டியதையும் சேர்த்து எடுத்துவிட்டால் இந்த 6% வராது. நிறுவனத்திடம் "அதிகப்படித் தொகையைத் திருப்பி எடுத்தல்" என்ற தனிப் படிவத்தைக் கேளுங்கள். சாதாரணமாகப் பணம் எடுப்பதுபோல் எடுத்தால் மருத்துவம் அல்லாத செலவாகப் பதிவாகி 20% வரும்.

திரும்பிய பிறகு

இனி போட முடியாது, ஆனால் இருப்பதைக் காலம் முழுவதும் இங்குள்ள டாக்டர் பில்லுக்கு எடுக்கலாம். முகவரியை இந்தியாவுக்கு மாற்றினால் சில நிறுவனங்கள் முதலீட்டு வசதியை நிறுத்திவிடும். கிளம்புவதற்கு முன்பே கேட்டு, ஏற்கிற இடத்துக்கு மாற்றிவிட்டு வருவது நல்லது. அமெரிக்க வங்கிக் கணக்கு ஒன்றும் ஓ.டி.பி. வர அந்த ஊர் எண்ணும் இல்லாமல் பணத்தை வெளியே எடுப்பது பெரும்பாடு.

இந்தியச் சட்டத்தில் எச்.எஸ்.ஏ.வுக்கென்று தனிச் சலுகை இல்லை. வந்த முதல் இரண்டு, மூன்று ஆண்டு ஆர்.என்.ஓ.ஆர். (இங்கே வசித்தாலும் சாதாரண ரெசிடென்ட் ஆகாத) நிலை கிடைப்பவருக்கு வெளிநாட்டு வருமானத்துக்கு இங்கே வரி வராது. கணக்குக்குள்ளேயே விற்று வாங்கி மாற்ற நினைப்பதை அந்தக் காலத்துக்குள் முடித்துக்கொள்ளலாம். சாதாரண ரெசிடென்ட் ஆன பிறகு வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் இதைக் காட்ட வேண்டும். மறைத்தால் 10 லட்சம் ரூபாய் அபராதத்துக்கு இடம் உண்டு. 401கே-யை நினைவாகக் காட்டிவிட்டு இதை மறந்துவிடுவார்கள்.

பெற்றோருக்கு என்ன வழி என்றால், அவர்கள் பெயரில் இங்கேயே சீனியர் பாலிசிதான். 2024 முதல் 65 வயதைக் காரணம் காட்டிப் புது பாலிசி மறுக்கும் வரம்பு போய்விட்டது. ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பு அதிகபட்சம் 3 வருஷம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. இல்லை. சர்க்கரை, பிரஷர் எதையும் மறைக்காமல் எழுதிக்கொடுங்கள். ஊரில் வாடகை வருமானம் இருந்து பழைய வரி முறையில் தாக்கல் செய்பவர், 60 வயதான பெற்றோரின் பிரீமியத்துக்கு 50,000 ரூபாய் வரை கழிவு பெறலாம், ரொக்கமாகக் கட்டக்கூடாது. அந்தப் பிரீமியத்தை எச்.எஸ்.ஏ.விலிருந்து கட்ட நினைக்க வேண்டாம்.

கணக்கின் வாரிசுப் பெயரையும் இன்றே பாருங்கள். கல்யாணத்துக்கு முன் திறந்த கணக்கில் பலருக்கு அப்பச்சி பெயரே இருக்கும். மனைவி பெயர் இருந்தால், கணக்குக்காரர் இறந்ததும் அது அப்படியே அவருடைய எச்.எஸ்.ஏ.வாகத் தொடரும். வேறு யார் பெயர் இருந்தாலும் அன்றைக்கே அது எச்.எஸ்.ஏ. என்ற தன்மையை இழந்து, முழுத் தொகையும் அந்த ஆண்டின் வருமானமாக அவர் தலையில் விழும். இறந்தவரின் மருத்துவ பில்களை ஓராண்டுக்குள் கட்டினால் அந்த அளவு மட்டும் குறையும்.